படகில் ஏறாதவர்கள்

நான் படகில் வரவில்லை. கட்டுநாயக்காவில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, முறையான வீசாவோடு மகளையும் கூட்டிக்கொண்டு 2025 பெப்ரவரியில் மெல்பேர்ணில் வந்து இறங்கினேன். படகில் வந்தவர் இவர், என் கணவர். 2012 ஒக்டோபரில் போனவர். படகில் வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கடலைப் பற்றி, தடுப்பு முகாம்களைப் பற்றி, ஆட்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்த நவுறு, மானஸ் தீவுகளைப் பற்றி. எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தப் படகுகளில் ஏறாமல் ஊரில் இருந்தவர்களைப் பற்றி, மனைவிமாரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, அதிகம் யாரும் கதைப்பதில்லை. படகில் வந்தவர்களுக்கென்று அவுஸ்திரேலியா வைத்த சட்டங்கள் எங்களையும்தான் தண்டித்தன, அதுவும் தெரிந்தே தண்டித்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்குக் கண்டாவளை. கிளிநொச்சி மாவட்டம், பரந்தனில் இருந்து உள்ளே போக வேண்டும். இவர் வாகனம் திருத்துகிறவர், பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். சண்டைக் காலத்தில் வன்னியில் இருந்துகொண்டு இது யாருடைய வாகனம் என்று பார்த்துத் திருத்துவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. கொண்டு வந்து விட்டால் திருத்தத்தான் வேண்டும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து, மூன்று இலட்சத்துக்குக் கிட்ட ஆட்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் நாங்களும் கிடந்தோம். மகள் பிறந்தது அந்தக் காலத்தில்தான், செட்டிகுளம் ஆஸ்பத்திரியில். அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பி, கூரையில்லாத வீட்டுக்குத் தறப்பாள் கட்டி, இவர் வேலையைத் தொடங்கி, நான் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கி, சரி, இனி இப்படியே போய்விடும் என்று நினைத்தபோதுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிவில் உடுப்பில் வருவார்கள். "ஒரு கையெழுத்து வைக்க வேணும், வந்திட்டுப் போங்கோ" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். முதலில் பின்னேரமே விட்டார்கள். பிறகு ஒருமுறை போனவர் இரண்டு நாள் கழித்து வந்தபோது வலது கையால் ஸ்பனரைப் பிடிக்க முடியவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் அந்தக் கதை வராது.

2012 இல் கடற்கரைப் பக்கமெல்லாம் ஒரே கதை, அவுஸ்திரேலியா. அந்த ஒரு வருசத்தில் மட்டும் இலங்கையில் இருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகில் போய்ச் சேர்ந்தார்கள். ஏஜென்சிக்காரன் ஏழு இலட்சம் கேட்டான், பாதி முன்பணம், மீதி போய்ச் சேர்ந்த பிறகு. தாலிக்கொடியை அடகு வைத்தேன். மீதிக்கு நுண்கடன் எடுத்தேன். வன்னியில் அந்த நேரம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காசு வந்த வேகத்தையும் பிறகு கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற பையன்களையும். குடும்பமாகப் போகலாமா என்று ஒருக்கா கதைத்தோம். மகளுக்கு மூன்று வயது, கடல் கூடாது, நான் முதலில் போய் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார். போன ஒவ்வொரு ஆணும் வீட்டில் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனான். முந்திப் போனவர்கள் அப்படித்தான் கூப்பிட்டும் இருந்தார்கள், கனடாவுக்கு, லண்டனுக்கு, சுவிஸுக்கு. ஆண் போவான், பின்னால் குடும்பம் போகும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி அதுதான்.

எங்களுக்குத் தெரியாமல் இருந்தது ஒரு தேதி: 2012 ஓகஸ்ட் 13. அன்றைக்கு அவுஸ்திரேலிய அரசாங்கத்திடம் நிபுணர் குழுவொன்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு படகில் வருகிறவர்கள் அகதிதான் என்று ஒத்துக்கொள்ளப்பட்டாலும், மனிதாபிமானத் திட்டத்தின் கீழ் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்று ஆக்கினார்கள். காரணத்தை மறைக்கவும் இல்லை: இப்படிச் செய்தால் ஆட்கள் வருவது குறையும் என்பதுதான். கண்டாவளையில் யார் இதை வாசிப்பது? ஏஜென்சிக்காரனுக்குத் தெரிந்திருக்கலாம், சொல்லியிருக்க மாட்டான். இவர் ஏறியது அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் பிந்தி. அந்த இரண்டு மாதம்தான் எங்கள் வாழ்க்கையை முடிவு செய்தது, அது எனக்கு விளங்கவே இரண்டு மூன்று வருசம் எடுத்தது.

மேற்குக் கரையில் இருந்து இரவில் வெளிக்கிட்டவரிடம் இருந்து ஒரு மாதத்துக்குக் கிட்ட எந்தச் செய்தியும் இல்லை. படகு அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவில் போய்ச் சேர்ந்தது பிறகுதான் தெரியும். அழைப்பு வந்தபோது நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். "நான் இருக்கிறன், பிள்ளையள் சாப்பிட்டவையே" என்று கேட்டார், அதோடு லைன் அறுந்துவிட்டது. அதே மாதங்களில்தான் கொஞ்சக் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு ஆட்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பவும் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை அப்படி ஒரு விமானம் வந்ததாகக் கேள்விப்படும்போதும் நான் வீதிக்கு வந்து நின்றுவிடுவேன்.

பிறகு தடுப்பு முகாமில் இருந்து விட்டார்கள். பிரிட்ஜிங் வீசா, அதாவது வழக்கு முடியும்வரை இருக்க விடுகிற வீசா. அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை; வேலையில்லாதவர்களுக்கு அங்கே கொடுக்கிற உதவித்தொகையில் 89 சதவீதம் கொடுப்பார்கள், அதில் வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம். ஒரு வீட்டில் ஏழு எட்டுப் பேர். ஊரில் கடன்காரன் வாசலில் நிற்க, இவர் அங்கே வேலை செய்ய உடம்பும் மனசும் இருந்தும் சும்மா இருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் தொலைபேசியில் சண்டைதான் பிடித்தோம். எங்கள் சனமும் சும்மா இருக்கவில்லை. "அவுஸ்திரேலியாவில இருந்து காசு வரேல்லையோ" என்று கேட்டார்கள். அங்கே வேறு ஒருத்தி இருக்கலாம் என்றும் கதைத்தார்கள், என் காதுபடவே.

2014 கடைசியில் சட்டத்தை மாற்றி, எங்கள் கூட்டத்துக்கு நிரந்தரப் பாதுகாப்பு வீசா என்பதே இல்லை என்று ஆக்கினார்கள். மூன்று வருசத் தற்காலிக வீசா, அல்லது ஷெவ் என்கிற ஐந்து வருசத் தற்காலிக வீசா. இவருக்கு ஷெவ் கிடைத்தது 2017 இல். அகதி என்று ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தால் ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாடு எழுத்தில் சொல்லிவிட்டது, அதே கடிதத்தோடு வந்த நிபந்தனைகளின்படி என்னையும் பிள்ளைகளையும் கூப்பிட முடியாது. ஐந்து வருசத்தில் 42 மாதம் நகரத்துக்கு வெளியே அரச உதவி எடுக்காமல் வேலை செய்தால் வேறு வீசாக்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள், அதை நம்பி மில்டுராப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். குளிரில் கொடி வெட்டுகிற வேலை. அந்தக் கை குளிருக்கு விறைக்கும். அப்படிப் போய் வேறு வீசா எடுத்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

2016 இல் மாமி செத்தா, இவருடைய அம்மா. எங்கள் பக்கம் செத்த வீட்டில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், மகன் கொள்ளி வைப்பான். இவர் ஒரே மகன். ஐயர் யார் கொள்ளி வைக்கிறது என்று கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. 16 வயதுப் பெடியன், என்னுடைய மூத்தவன், கையில் இருந்த பந்தத்தைப் பக்கத்தில் நின்ற சின்னப் பெடியனிடம் கொடுத்துவிட்டு, "நான் வைக்கிறன்" என்றான். தலையை வழித்து, ஈர வேட்டியோடு, பானையைத் தோளில் தூக்கிச் சுற்றி வந்தான். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், இவர் பார்ப்பதற்காக. மயானத்தில் நெட்வேர்க் விட்டுவிட்டுத்தான் வந்தது. படம் உறைந்து நிற்கிற நேரமெல்லாம் இவருடைய குரல் மட்டும் வந்தது, "அங்கால திருப்புங்கோ, அம்மாவின்ர முகத்தைக் காட்டுங்கோ" என்று. அன்றைக்குப் பிறகு என் மகன் என்னிடம் காசு கேட்டதில்லை, சண்டை பிடித்ததில்லை. வீட்டில் ஆம்பிளை தான்தான் என்று முடிவு எடுத்துவிட்டான். அந்த வயதில் அவனுக்கு அது வந்திருக்கக் கூடாது.

ஷெவ் வீசாவில் ஊருக்கு வர முடியாது, ஆனால் தகுந்த காரணம் காட்டி அனுமதி எடுத்தால் வேறு நாட்டுக்குப் போய் வரலாம். அப்படித்தான் எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவில் சந்தித்தன. நாங்கள் 2018 மார்கழி விடுமுறையில் திருச்சிக்குப் போனோம். கொழும்பில் இருந்து ஒரு மணித்தியாலம்தான் விமானம். இவர் எங்களுக்கு முதல் நாளே வந்துவிட்டார். மகனுக்கு ஒரு சவரப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார், நல்ல விலையானது, ரேசர், பிரஷ், கிண்ணம் எல்லாம் உள்ளே. சவரம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். மகன் அப்போது சவரம் எடுக்கத் தொடங்கி இரண்டு வருசம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய லொட்ஜ் கண்ணாடிக்கு முன்னால் நின்று, முன்பின் செய்யாதவன் மாதிரி, அப்பா சொன்னபடியெல்லாம் செய்தான். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயது. முதல் இரவு என் காதுக்குள் கேட்டாள், "அப்பாவும் இந்த ரூமிலயோ படுப்பார்?" என்று. அவளில் பிழையில்லை. அவள் நினைவு தெரிந்து அவரைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள். சமயபுரம் போய் நேர்த்தி முடித்தோம், மலைக்கோட்டை ஏறினோம், புறப்படுகிற நாள் வந்தது. விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் மகள் கத்தி அழுதபோதுதான், சரி, அவளுக்கும் அப்பா என்று ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரு ஆறுதல், அதே நேரம் ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றும் இருந்தது.

கொரோனாக் காலத்தில் அதுவும் இல்லாமல் போனது, அவுஸ்திரேலியா எல்லையையே பூட்டிவிட்டது. 2022 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் தற்காலிக வீசாக்காரர்களை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தது, 2023 பெப்ரவரியில் அறிவித்தும் விட்டது. ஏறத்தாழ 19,000 பேருக்கு. இவர் எடுத்துச் சொன்னபோது குரல் நடுங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, முதலில் வந்தது கோபம். இதை ஒரு அறிவிப்பில் செய்ய முடியுமென்றால் முந்தியே செய்திருக்கலாம்தானே?

அப்புறம் தொடங்கியது துணைவியார் வீசா. எண்ணாயிரம் டொலருக்கு மேல் கட்டணம், பிள்ளைக்குத் தனியாக. காசைவிடக் கஷ்டம், எங்கள் உறவு உண்மையானது, தொடர்ந்து இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எங்களைச் சேர்ந்து வாழ விடாமல் வைத்திருந்த நாட்டுக்கு, நாங்கள் புருசன் பெண்சாதிதான் என்று ஆதாரம் காட்ட வேண்டும். கலியாண அல்பம் மாத்தளனில் பதுங்குகுழிக்குள் போய்விட்டது. கலியாணப் பதிவின் பிரதியைக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், ஏறி இறங்கி எடுத்தேன். 1998 இல் புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நடந்த கலியாணம் அது. யாரோ வவுனியாவுக்குப் போனவரிடம் கொடுத்து, கனடாவில் இருக்கிற சின்னம்மாவுக்கு ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தோம். ஸ்காபரோவில் அவவின் பெட்டிக்குள் அது பத்திரமாக இருந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பினா. நானும் இவரும், மணவறையில், நான் இவ்வளவு மெலிவாக இருந்தேனா என்று இருந்தது. மிச்சத்துக்கு, காசு அனுப்பிய துண்டுகள், வைபர், வட்ஸப் அழைப்புப் பட்டியல். பரந்தனில் போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன் அச்செடுத்துத் தந்தான், பக்கம் பக்கமாக: அழைப்பு, 43 நிமிடம். அழைப்பு, 2 நிமிடம். தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு. அந்தத் தவறிய அழைப்புகள் எந்த நாட்கள் என்று எனக்குத் தெரியும். சண்டை பிடித்து நான் எடுக்காமல் விட்ட நாட்கள் சில, இவர் இரவு வேலைக்குப் போன நாட்கள் சில. எங்கள் தாம்பத்தியம் முழுக்க அந்தக் கடதாசிகளில் இருந்தது.

இனித்தான் முக்கியமான விசயம். பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமென்றால் 18 வயதுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோரில் தங்கியிருக்கிற, 23 வயதாகாத பிள்ளையாக இருக்க வேண்டும். என் மகனுக்கு அறிவிப்பு வந்ததற்கு முந்தின மாதம்தான் 23 முடிந்தது. அப்பா போகும்போது 12 வயது, கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னபோது 23. அவன் பிள்ளையாக இருந்த காலம் முழுவதையும் தற்காலிகம் என்ற பேரில் எடுத்துவிட்டு, இப்போது நீ பிள்ளை இல்லை என்கிறார்கள். பாட்டிக்குக் கொள்ளி வைத்த பெடியன். நான் போகவில்லை என்றுதான் சொன்னேன், இவரிடமும் அவனிடமும். அவன்தான் பிடித்துத் தள்ளினான். "தங்கச்சிக்கும் வயசு போகுது அம்மா, பேந்து அவளும் இஞ்சதான்" என்றான். அவன் சொன்னது சரி. அவளுக்கு அப்போது 14. நான் ஒரு பிள்ளையை ஒரு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக மற்றப் பிள்ளையை இன்னொரு நாட்டில் விட்டுவிட்டு வந்தேன். என் அம்மாவோடு கண்டாவளையில் இருக்கிறான், மின்சார வேலை செய்கிறான். வந்து பார்த்துவிட்டுப் போக வீசா கேட்டான், திரும்பிப் போவானா என்ற சந்தேகத்தில் மறுத்துவிட்டார்கள். ஆக, குடும்பம் சேர்ந்துவிட்டது என்று இங்கே யாரும் என்னை வாழ்த்தும்போது என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

இப்போது டன்டினோங்கில் இருக்கிறோம். மரக்கறி, மீன் எல்லாம் ஊர்ச் சாமான் மாதிரியே கிடைக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். இவரோடு ஒரு வீட்டில் இருக்கப் பழகுவது லேசாக இல்லை. தனியாகச் சமைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிய மனுசன். என்னோடு கதைக்கும்போது இடையில் திடீரென்று "கேக்குதா?" என்று கேட்பார், பக்கத்தில்தான் இருப்பேன். அத்தனை வருசம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். நானும் இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லா முடிவும் நானே எடுத்துப் பழகியவள், அவருக்கு அது பிடிபடவில்லை. சண்டை வரும். ஆனால் சண்டை முடிந்து ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம், அது போனில் இல்லை.

இவரோடு அதே படகில் வந்த கண்டாவளைக்காரர் ஒருவர் இருக்கிறார். அதே ஊர், அதே பிரச்சினை, ஏறத்தாழ அதே கதை. அவருக்கு மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல், பெரும்பாலும் கடதாசியை மட்டும் பார்த்துத் தீர்க்கிற முறையொன்று 2015 இல் இருந்து இந்தக் கூட்டத்துக்கு மட்டும் வைத்திருந்தார்கள். 2024 ஒக்டோபரில் அதை மூடிவிட்டார்கள், நியாயமாக நடக்கவில்லை என்று அரசாங்கமே சொன்ன முறை. ஆனால் அதில் மறுக்கப்பட்டவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள், இன்னும் பிரிட்ஜிங் வீசாவிலேயே இருக்கிறார்கள். 2023 இல் 22 பெண்கள், தமிழ்ப் பெண்களும் ஈரானியப் பெண்களும், இதற்காக மெல்பேர்ணில் இருந்து கான்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்தார்கள். அந்த அண்ணையின் மனைவி ஊரில் எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவ. நான் வெளிக்கிட்ட அன்றைக்கு, அவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை ஒடியலும் புழுக்கொடியலும் கொண்டுவந்து தந்தா. தானும் வருவேனா என்று கேட்கவில்லை. அவவின் கடைசி மகனுக்கு 19 நடக்கிறது. இந்த ஆட்களின் வழக்குகளைத் திரும்பவும், ஒழுங்காக, நேரில் கேட்டுத் தீர்க்க வேண்டும், அதையும் பிள்ளைகளுக்கு 23 ஆக முதல் செய்ய வேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், எழுதியவர்கள் திரும்பவும் எழுதுங்கள்.

மகனுக்குத் தையில் கலியாணம். பெண் உருத்திரபுரம். ஊரில் வைத்தால் இவர் வர முடியாது, அதனால் திருச்சியில் வைக்கிறோம், பெண் வீட்டார் முகம் கோணாமல் ஒத்துக்கொண்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இவருடைய இந்திய வீசாவுக்குத்தான் காத்திருக்கிறோம். அகதிப் பயணப் பத்திரம் என்றபடியால் அதற்குக் கொஞ்சம் நாள் எடுக்கும் என்கிறார்கள்.